சர்வர் முகப்பு விளக்குகளைப் படித்து ஹார்டுவேர் பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி

இந்த வழிமுறை இரண்டு குடும்பங்களை மனதில் வைத்து எழுதப்பட்டது: ஹெச்பிஇ ப்ரோலயன்ட் ஜென் 10 வரிசையின் டிஎல் 360, டிஎல் 380, டெல் பவர்எட்ஜ் 14ஆம் தலைமுறையின் ஆர் 640, ஆர் 740. இரண்டையும் ஒன்றாக எழுதக் காரணம் உண்டு. பல அலுவலகங்களில் இவை ஒரே ரேக்கில் மேலும் கீழுமாக இருக்கும். ஆனால் ஒரே நிறத்துக்கு இரண்டிலும் வேறு வேறு பொருள். டெல்லின் முகப்பில் நீலம் மின்னாமல் நிலையாக எரிந்தால் மெஷின் நன்றாக இருக்கிறது. ப்ரோலயன்ட்டில் நலத்தின் நிறம் பச்சை. அங்கே நீலம் எரிந்தால், யாரோ அந்த சர்வரை அடையாளம் காட்ட யூஐடி பட்டனை அழுத்தியிருக்கிறார்கள். எனவே “நீலமா எரியுது சார்” என்று போனில் ஒருவர் சொன்னால், முதலில் கேட்க வேண்டியது “எந்தக் கம்பெனி மெஷின்?” என்பதுதான்.

இன்னொன்றையும் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். விளக்கு திசையைக் காட்டும். ஸ்லாட் எண்ணை லாக்தான் (மெஷின் தானே எழுதிவைக்கும் நிகழ்வுப் பதிவு) சொல்லும். விளக்கும் லாக்கும் ஒரே பாகத்தைச் சுட்டும்வரை எதையும் கழற்றாதீர்கள். விளக்கை மட்டும் நம்பிக் கழற்றுவதால் வரும் சேதம், பழுதால் வரும் சேதத்தைவிடப் பெரிதாகிவிடும். டிஸ்க் விஷயத்தில் இது அப்படியே உண்மை.

கை வைக்கும் முன்

முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் போனில் வீடியோ எடுங்கள். போட்டோ போதாது; எத்தனை முறை மின்னியது, இடையில் எவ்வளவு நேரம் அணைந்திருந்தது என்பதில்தான் செய்தி இருக்கிறது. அரை நிமிடம் ஓடும் வீடியோ போதும். ப்ரோலயன்ட்டின் சீரியல் எண்ணும், டெல்லின் சர்வீஸ் டேகும் முகப்பிலேயே இழுத்துப் பார்க்கும் சீட்டில் இருக்கும், அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஐலோ (ப்ரோலயன்ட்) அல்லது ஐட்ராக் (டெல்) பக்கத்தைத் திறந்து லாக்கைப் படியுங்கள்; சர்வரைத் தொலைவிலிருந்து கண்காணிக்க போர்டிலேயே இருக்கும் தனிச் சில்லின் பக்கம் அது. ப்ரோலயன்ட்டில் இன்டகிரேட்டட் மேனேஜ்மென்ட் லாக், டெல்லில் சிஸ்டம் ஈவென்ட் லாகும் லைஃப்சைக்கிள் லாகும். சர்வர் ஆஃப் ஆகியிருந்தாலும் கரன்ட் வந்துகொண்டிருந்தால் இந்தப் பக்கங்கள் திறக்கும். அவற்றை ஃபைலாக இறக்கி வைத்துக்கொண்ட பிறகே ரீஸ்டார்ட் பற்றி யோசிக்க வேண்டும். “ஒரு தடவை பவர் ஆஃப் பண்ணிப் பார்க்கலாமே” என்பது எல்லோருக்கும் முதலில் தோன்றுவது. ஆனால் பவரை எடுத்ததும் விளக்கின் நிலை மாறிவிடலாம். பழுது அப்படியே இருக்க, அதற்கான தடயம் போய்விடும்.

அறிகுறி: எந்த விளக்கும் எரியவில்லை

முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கம் போங்கள். பவர் சப்ளையின் விளக்கு பச்சையாக எரிகிறதா?

அங்கும் இருட்டு என்றால் கரன்ட் வரவில்லை. பவர் கார்டு, பிடியூவின் (ரேக்கில் கரன்ட்டைப் பகிர்ந்து தரும் சாக்கெட் பட்டை) பிரேக்கர், யூபிஎஸ் என்று வந்த வழியே பின்னால் போய்ப் பாருங்கள். பக்கத்தில் நன்றாக ஓடும் சர்வரின் கார்டைப் பிடுங்கிச் சோதிக்க வேண்டாம். தனியாக ஒரு நல்ல கார்டு கையில் இருக்கட்டும். கரன்ட் வருகிறது, கார்டும் நல்லது, அப்படியும் விளக்கு வரவில்லை என்றால் அந்தப் பவர் சப்ளை போய்விட்டது.

பின்பக்கம் பச்சை, முன்பக்கம் மட்டும் இருட்டு என்றால் கதை வேறு. ஐலோவோ ஐட்ராக்கோ திறக்கிறதா என்று பாருங்கள். திறந்து, மெஷின் ஓடுகிறது என்று காட்டினால், முகப்புப் பலகையை மதர்போர்டோடு இணைக்கும் கேபிள் கழன்றிருக்க வாய்ப்பு அதிகம். மூடியைத் திறந்து வேலை செய்த அடுத்த நாளில் இந்த அறிகுறி வந்தால் நான் முதலில் அந்தக் கேபிளைத்தான் சந்தேகிப்பேன்.

அறிகுறி: பவர் பட்டனில் ஆம்பர், மெஷின் ஆன் ஆகவில்லை

ப்ரோலயன்ட்டின் பவர் பட்டனில் நிலையான ஆம்பர் (ஆரஞ்சு கலந்த மஞ்சள்) என்பது பழுது அல்ல; கரன்ட் வந்திருக்கிறது, மெஷின் ஸ்டாண்ட்பையில் காத்திருக்கிறது என்று பொருள். பட்டனை அழுத்தியதும் பச்சை மின்ன ஆரம்பிக்கும், மெஷின் ஆன் ஆனதும் பச்சை நிலைக்கும். கார்டைச் செருகிய உடனே பட்டனை அழுத்திவிட்டு “ஆன் ஆகல” என்று முடிவு கட்டாதீர்கள். ஐலோ எழுந்து வர நேரம் எடுக்கும். அதுவரை ஹெல்த் விளக்கு பச்சையாக மின்னிக்கொண்டிருக்கும். அது நிலைக்கும்வரை பொறுத்திருந்து அழுத்துங்கள்.

டெல்லில் பட்டனை அழுத்தியும் திரையில் ஒன்றும் வராமல், தொடக்கச் சோதனையிலேயே மெஷின் நின்றுபோனால், சிஸ்டம் ஐடி பட்டனை 5 விநாடிக்கு மேல் அழுத்திப் பிடியுங்கள். பயாஸ் (மெஷினை எழுப்பும் தொடக்க மென்பொருள்) எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்பதைக் காட்டும் நிலைக்குப் போகும். அதிலும் தெளிவு கிடைக்காவிட்டால், மெஷினைக் குறைந்தபட்ச உறுப்புகளுக்குக் கொண்டுவர வேண்டும்: ஒரு பவர் சப்ளை, முதல் சாக்கெட்டில் ஒரு பிராசஸர், ஏ1 ஸ்லாட்டில் ஒரு மெமரி. இதோடு எழுந்தால், கழற்றியதை ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுங்கள். இரண்டைச் சேர்த்துப் போட்டால் சோதனை வீண்.

அறிகுறி: ப்ரோலயன்ட்டில் நான்கு விளக்கும் ஒன்றாக மின்னுகின்றன

பவர், ஹெல்த், நெட்வொர்க், யூஐடி ஆகிய நான்கும் ஒரே தாளத்தில் மின்னினால் அது பவர் ஃபால்ட். ஏதோ ஒரு பகுதிக்குப் போகும் மின்சாரத்தில் கோளாறு கண்டு மெஷின் தானே நிறுத்திக்கொண்டது. இங்கேதான் வீடியோ உதவும். தொடர்ந்து எத்தனை முறை மின்னிவிட்டு இடைவெளி விடுகிறது என்று எண்ணுங்கள். அந்த எண்ணிக்கையே முகவரி:

1 – சிஸ்டம் போர்டு
2 – பிராசஸர்
3 – மெமரி
4 – ரைசர் கார்டில் (போர்டில் செங்குத்தாகச் செருகும் துணை அட்டை) உள்ள பிசிஐ ஸ்லாட்டுகள்
5 – ஃப்ளெக்ஸிபிள் லாம் நெட்வொர்க் அட்டை
6 – கழற்றக்கூடிய ஸ்மார்ட் அர்ரே கன்ட்ரோலர் (டிஸ்க்குகளை நிர்வகிக்கும் அட்டை)
7 – சிஸ்டம் போர்டிலேயே உள்ள பிசிஐ ஸ்லாட்டுகள்
8 – பவர் பேக்ப்ளேன் அல்லது ஸ்டோரேஜ் பேக்ப்ளேன் (பவர் சப்ளையோ டிஸ்க்குகளோ செருகும் பலகை)
9 – பவர் சப்ளை

இந்த அறிகுறிக்கு இரண்டு பவர் கார்டுகளையும் பிடுங்கித்தான் வேலை செய்ய வேண்டும். எண் காட்டும் பகுதியைக் கழற்றி, இணைப்பில் தூசியோ வளைந்த முனையோ கருகலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, அது இல்லாமல் மெஷின் எழுகிறதா என்று சோதியுங்கள். 4 என்றால் ரைசரில் உள்ள கார்டுகளை எல்லாம் எடுத்துவிட்டு ஒன்று ஒன்றாகப் போடுவது. 3 என்றால் மெமரிக்கும் அதே முறை.

2 என்றால் கொஞ்சம் நிதானம் தேவை. இந்தத் தலைமுறையின் 3647 பின் கொண்ட சாக்கெட்டில் பின்கள் எல்லாம் போர்டில்தான் இருக்கின்றன. பிராசஸரைக் கோணலாகத் தூக்கினால் பின் வளைந்து, நல்ல போர்டும் போய்விடும். வாரன்டி இருந்தால் அந்த வேலையைக் கம்பெனி ஆளிடமே விட்டுவிடுங்கள்.

அறிகுறி: நீலம் மின்னுகிறது

பெரும்பாலும் பழுது அல்ல. டெல்லில் நீலம் மின்னினால் சிஸ்டம் ஐடி ஆன் ஆகியிருக்கிறது. ப்ரோலயன்ட்டில் யூஐடி விநாடிக்கு ஒரு முறை மின்னினால், யாரோ தொலைவிலிருந்து ஐலோ வழியாக வேலை செய்கிறார்கள் அல்லது ஃபர்ம்வேர் ஏறிக்கொண்டிருக்கிறது. இரண்டாவது காரணமாக இருந்தால், அந்த நேரத்தில் பவரை எடுப்பதைவிட மோசமான காரியம் இல்லை. கூட வேலை செய்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

ஐலோவே பதில் தராவிட்டால், யூஐடி பட்டனை 5 முதல் 9 விநாடிக்குள் அழுத்திப் பிடித்தால் அது முறையாக ரீஸ்டார்ட் ஆகும். 10 விநாடியைத் தாண்டினால் ஹார்டுவேர் ரீசெட். டெல்லில் சிஸ்டம் ஐடி பட்டனை 15 விநாடிக்கு மேல் பிடித்தால் ஐட்ராக் ரீசெட் ஆகும். இரண்டுமே கண்காணிப்புச் சில்லை மட்டும் எழுப்பும்; ஓடிக்கொண்டிருக்கும் சிஸ்டம் நிற்காது. ஆனால் விரல் இருப்பது யூஐடி பட்டனில்தானா, பவர் பட்டனிலா என்பதை இருமுறை பாருங்கள். பவர் பட்டனை அப்படிப் பிடித்தால் மெஷின் பட்டென்று நின்றுவிடும்.

அறிகுறி: ஹெல்த் விளக்கு ஆம்பர் அல்லது சிவப்பு

ப்ரோலயன்ட்டில் ஹெல்த் விளக்கு ஆம்பராக மின்னினால் ஏதோ ஒன்று குறைந்திருக்கிறது, ஆனால் மெஷின் தாங்குகிறது. சிவப்பாக மின்னினால் நிலைமை மோசம். டெல்லில் சிவப்பு கிடையாது. ஆம்பர் மின்னினால் பழுது, ஆம்பர் நிலையாக எரிந்தால் மெஷின் ஃபெயில்-சேஃப் நிலையில் இருக்கிறது.

ஹெல்த் விளக்கைத் தனியாகப் படிக்காமல் பக்கத்து விளக்கோடு சேர்த்துப் படித்தால்தான் செய்தி முழுமையாகும். ப்ரோலயன்ட்டில் சிஸ்டம்ஸ் இன்சைட் டிஸ்ப்ளே என்ற சிறு பலகை பொருத்தப்பட்டிருந்தால், அதை அழுத்தினால் வெளியே வரும். மெஷினின் உட்புற வரைபடம் போல ஒவ்வொரு மெமரிக்கும் ஃபேனுக்கும் பிராசஸருக்கும் ஒரு விளக்கு. அதில் ஒரு மெமரியின் விளக்கு ஆம்பர், ஹெல்த்தும் ஆம்பர் என்றால், அந்த மெமரி பழுதாகப் போகிறது என்ற முன்னெச்சரிக்கை. அதே மெமரி விளக்கு, ஹெல்த் மட்டும் சிவப்பு என்றால், ஏற்கனவே பழுதாகிவிட்டது. ஃபேனுக்கும் அப்படியே: ஹெல்த் ஆம்பர் என்றால் கூடுதலாக இருந்த ஃபேன் போயிருக்கிறது, சிவப்பு என்றால் மெஷினுக்குத் தேவையான குறைந்தபட்சக் குளிர்ச்சியே இல்லை. முதலாவதற்கு மாலைவரை காத்திருக்கலாம், இரண்டாவதற்கு முடியாது.

டெல்லின் இடதுபுறப் பலகையில் ஐந்து சிறு சின்னங்கள்: டிஸ்க், வெப்பநிலை, மின்சாரம், மெமரி, பிசிஐ. எப்போதும் அணைந்தே இருக்கும். பழுது வந்த வகையில் மட்டும் ஆம்பர் எரியும். எந்தச் சின்னம் எரிகிறது என்று தெரிந்தால் லாக்கில் எதைத் தேடுவது என்பது தெரிந்துவிடும்.

எந்தச் சின்னமும் எரியாமல் ஹெல்த் மட்டும் ஆம்பராக இருக்கும் நிலையும் உண்டு. ப்ரோலயன்ட்டில் அப்போது நான் பார்ப்பது ஸ்மார்ட் ஸ்டோரேஜ் பேட்டரியை. ரெய்டு (பல டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து இயக்கும் முறை) கன்ட்ரோலரின் எழுதும் கேஷுக்கு, அதாவது எழுத வேண்டியதைத் தற்காலிகமாகத் தாங்கும் நினைவகத்துக்கு, கரன்ட் போனாலும் காவல் இருப்பது அதுதான். பேட்டரி போனால் கேஷ் நிறுத்தப்படும்; ஒவ்வொரு எழுத்தும் நேராக டிஸ்குக்குப் போகும். டேட்டாபேஸ் திடீரென்று மெதுவாகிவிட்டது என்று பயனர்கள் புகார் சொல்வதும் இந்த ஆம்பரும் ஒரே நாளில் தொடங்கியிருந்தால், வேறெங்கும் தேட வேண்டாம். டெல்லின் ரெய்டு கன்ட்ரோலரான பெர்க்கிலும் பேட்டரி குறைந்தால் ரைட்-பேக் (முதலில் கேஷில் எழுதுவது) தானாகவே ரைட்-த்ரூவாக (நேராக டிஸ்கில் எழுதுவது) மாறும், விளைவு அதேதான்.

அறிகுறி: வெப்பநிலைச் சின்னம் எரிகிறது, ஃபேன்கள் அலறுகின்றன

முதலில் பக்கத்து சர்வர்களின் காற்று உள்ளே நுழையும் இடத்து வெப்பநிலையை ஐட்ராக்கிலோ ஐலோவிலோ பாருங்கள். எல்லாமே ஏறியிருந்தால் பழுது அறையில், ஏசி நின்றிருக்கும். ஒன்றில் மட்டும் ஏறியிருந்தால் பழுது மெஷினில். இந்த ஒரு கேள்வியே பாதி வேலையை மிச்சமாக்கும். உள்நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும் என்பது குளிரூட்டல் பொறியாளர் அமைப்பான ஆஷ்ரேயின் பரிந்துரை; இந்த மெஷின்கள் பொதுவாக 35 டிகிரிவரை தாங்கும்படி வடிவமைக்கப்பட்டவை.

மெஷினில்தான் என்றால்: லாக் சொல்லும் எண்ணுள்ள ஃபேன் சுழல்கிறதா, காற்றைத் திருப்பிவிடும் பிளாஸ்டிக் மறைப்பு இடத்தில் இருக்கிறதா, காலி டிஸ்க் ஸ்லாட்டுகளிலும் காலி மெமரி ஸ்லாட்டுகளிலும் டம்மிகள் இருக்கின்றனவா, பின்னால் கேபிள் கட்டு காற்று வெளியேறும் வழியை அடைக்கிறதா? டம்மியை வெறும் பிளாஸ்டிக் என்று நினைத்துத் தூக்கிப்போடுவது மிகவும் பரவலான பழக்கம். அது இல்லாத இடத்தின் வழியாகக் காற்று குறுக்கே ஓடிவிடும்; போக வேண்டிய பிராசஸருக்குப் போகாது.

ஆர் 740, டிஎல் 380 இரண்டிலும் ஃபேனை மெஷின் ஓடும்போதே மாற்றலாம். மூடி திறந்திருக்கும் நேரத்தை முடிந்தவரை குறையுங்கள். மாற்று ஃபேனை உறையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மூடியைத் திறப்பது நல்லது.

ஆம்பர் இல்லாமல் ஃபேன் சத்தம் மட்டும் கூடியிருந்தால், அண்மையில் வேறு கம்பெனியின் பிசிஐ கார்டு எதையாவது போட்டீர்களா என்று யோசியுங்கள். டெல் மெஷின்கள் தமக்குத் தெரியாத கார்டைக் கண்டால் பாதுகாப்புக்காக வேகத்தைக் கூட்டும். அது பழுது அல்ல.

அறிகுறி: மெமரிச் சின்னம்

இந்த சர்வர்களில் இருக்கும் இசிசி (பிழை திருத்தும்) மெமரி ஒரு பிட் பிழையைத் தானே திருத்திவிடும். ஒரே சொல்லில் இரண்டு பிட் கெட்டால் கண்டுபிடிக்கும், திருத்த முடியாது. லாக்கில் எந்த வகை என்று பாருங்கள். திருத்தப்பட்ட பிழைகளின் எண்ணிக்கை வரம்பைத் தாண்டியது என்று இருந்தால் மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும். வார இறுதிக்கு வேலையை வைத்துக்கொள்ளலாம். பல பிட் பிழை என்று இருந்தால் இன்றே செய்ய வேண்டிய வேலை; அடுத்த முறை மெஷின் தானே விழும்.

புதிய பயாஸ் பதிப்புகள் உள்ள டெல் மெஷின்களில், ரீபூட்டின்போது பழுதான வரிசையை ஒதுக்கிவிட்டு சில்லுக்குள் இருக்கும் உபரி வரிசையைப் பயன்படுத்திக்கொள்ளும் வசதி உண்டு. லாக் அப்படி ரீபூட் கேட்டிருந்தால், மெமரியை மாற்றும் முன் அதைச் செய்து பாருங்கள்.

அதன் பிறகும் பிழை வந்தால் இடம் மாற்றும் சோதனை. லாக் ஏ3 என்று சொன்னால், ஏ3இல் உள்ளதை எடுத்து அதே அளவுள்ள இன்னொன்றோடு, வேறு சேனலில் மாற்றிப் போடுங்கள். பிழை மெமரியோடு சேர்ந்து புது இடத்துக்குப் போனால் மெமரி பழுது. ஏ3இலேயே நின்றால் ஸ்லாட், சாக்கெட் பின், அல்லது பிராசஸருக்குள் இருக்கும் மெமரி கன்ட்ரோலர். இந்தச் சோதனை செய்யாமல் புது மெமரி வாங்கிப் போட்டு, பிழை தொடர்ந்து, இன்னொன்றும் வாங்குவதில்தான் பணம் வீணாகிறது. டெல்லில் ஏ வரிசை முதல் பிராசஸருக்கு, பி வரிசை இரண்டாவதற்கு. வெள்ளைக் காது உள்ள ஸ்லாட்டுகள் முதலில் நிரம்ப வேண்டும், கறுப்பு பிறகு. கையில் ஆன்டிஸ்டாடிக் பட்டை இல்லாமல் இதைத் தொடாதீர்கள்.

அறிகுறி: டிஸ்க்கில் ஆம்பர்

தகவல் நிரந்தரமாகப் போகும் இடம் இது ஒன்றுதான். அதனால் இங்கே மட்டும் மிக மெதுவாகப் போவோம்.

டெல்லில் டிஸ்க் விளக்கு விநாடிக்கு நான்கு முறை ஆம்பர் மின்னினால் டிஸ்க் போய்விட்டது. பச்சை, ஆம்பர், பிறகு இருட்டு என்று மாறி மாறி வந்தால், போகப் போகிறது. பச்சை மெதுவாக மின்னினால் ரீபில்ட் (மற்ற டிஸ்க்குகளிலிருந்து தகவலைத் திரும்ப உருவாக்குவது) நடக்கிறது. மூன்று விநாடி பச்சை, மூன்று விநாடி ஆம்பர், ஆறு விநாடி இருட்டு என்றால் ரீபில்ட் பாதியில் நின்றுவிட்டது. பச்சை விநாடிக்கு இரண்டு முறை மின்னினால் யாரோ அந்த டிஸ்க்கை அடையாளம் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். வேகங்கள் எவ்வளவு நெருக்கமாக இருக்கின்றன என்று பாருங்கள். வெறும் கண்ணால் பார்த்துவிட்டு “பச்சை மின்னுது” என்றால் அது இவற்றில் எதுவாகவும் இருக்கலாம்.

ப்ரோலயன்ட்டின் டிஸ்க் ட்ரே இன்னும் தெளிவாகப் பேசும். நிலையான ஆம்பர், டிஸ்க் போய்விட்டது. ஆம்பரும் பச்சையும் மாறி மாறி, போகப் போகிறது. பச்சை மின்னினால் ரீபில்ட் அல்லது அது போன்ற வேலை. இவற்றோடு ட்ரேயை வெளியே இழுக்கும் பட்டனில் ஒரு வெள்ளை விளக்கு. அது எரிந்தால், இந்த டிஸ்க்கை எடுத்தால் வால்யூமே (டிஸ்க்குகள் சேர்ந்து ஒன்றாகத் தெரியும் சேமிப்பிடம்) விழும் என்று பொருள். ஒரு டிஸ்க் போவதை மட்டுமே தாங்கும் ரெய்டு 5இல், ஒரு டிஸ்க் போன பிறகு மீதி எல்லா டிஸ்க்கிலும் இந்த வெள்ளை எரியும். அப்போது எடுக்கக்கூடியது வெள்ளை எரியாத, ஆம்பர் நிலைத்த அந்த ஒன்று மட்டும்.

ஒரு டிஸ்க் போய்விட்டது, இன்னொன்று போகப் போகிறது என்று இரண்டும் ஒரே ரெய்டு 5 வால்யூமில் காட்டினால்? முதலில் பேக்கப்பை உறுதி செய்யுங்கள். பிறகு போய்விட்டதை மாற்றுங்கள். ரீபில்ட் முழுதாக முடிந்து வால்யூம் நலம் என்று கன்ட்ரோலர் சொன்ன பிறகே இரண்டாவது டிஸ்க்கைத் தொட வேண்டும். “எப்படியும் போகப் போவதுதானே, இரண்டையும் சேர்த்து மாற்றிவிடலாம்” என்றால் வால்யூம் அதோடு முடிந்தது.

எண் விஷயத்தில் ஒரு கண்ணி உண்டு. டெல்லில் ஸ்லாட் எண் 0இல் தொடங்கும். ப்ரோலயன்ட்டில் பே எண் 1இல் தொடங்கும். போனில் “மூணாவது டிஸ்க்” என்று சொன்னால் கேட்பவர் எதை எடுப்பார் என்பதைச் சொல்ல முடியாது. எண்ணை நம்பாமல் கன்ட்ரோலர் மென்பொருளில் லொகேட் கொடுத்து விளக்கை மின்னவிடுங்கள். ப்ரோலயன்ட்டில் ட்ரேயில் நீலம் எரியும், டெல்லில் பச்சை வேகமாக மின்னும். ரேக்கின் முன் நிற்பவர் “மின்னுது, பார்த்தேன்” என்று சொன்ன பிறகு, ட்ரேயில் உள்ள சீரியல் எண்ணையும் வாசிக்கச் சொல்லி, அதன்பின் “எடுங்க” என்று சொல்லுங்கள்.

பல டிஸ்க்குகள் ஒரே நேரத்தில் ஆம்பருக்குப் போனால், அவை எல்லாம் ஒன்றாகச் சாகவில்லை. பேக்ப்ளேன், சாஸ் கேபிள் (டிஸ்க்குகளைக் கன்ட்ரோலரோடு இணைப்பது), கன்ட்ரோலர், அல்லது பேக்ப்ளேனுக்குப் போகும் மின்சாரம், இந்த நான்கில் ஒன்று. டிஸ்க்குகளை வரிசை மாற்றாமல் அப்படியே விட்டுவிட்டு மெஷினை முறையாக நிறுத்தி, கேபிளைப் பாருங்கள். திரும்ப எழும்போது பெர்க் கன்ட்ரோலர் ஃபாரின் கன்ஃபிகரேஷன் (தனக்குத் தெரியாத ரெய்டு அமைப்பு டிஸ்க்கில் இருக்கிறது) என்று சொல்லி இரண்டு வழி காட்டும்: இம்போர்ட், கிளியர். கிளியர் அந்த டிஸ்க்குகளில் எழுதியிருக்கும் ரெய்டு விவரத்தை அழித்துவிடும். எது எந்த வால்யூம் என்று உறுதியாகத் தெரியாமல் அதைத் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

மெஷின் ஆன் ஆனவுடன் டெல்லில் எல்லா டிஸ்க் விளக்கும் அணைந்தே இருக்கும். எல்லா டிஸ்க்கும் தயாராகும்வரை அப்படித்தான்; அந்த இருட்டைப் பார்த்து ட்ரேயை இழுக்காதீர்கள். ரெய்டு இல்லாமல் ஏஹெச்சிஐ முறையில் (டிஸ்க் நேரடியாக இணைந்து) டிஸ்க் ஓடினால் அங்கே நிலை விளக்கு எரியவே எரியாது. அப்படிப்பட்ட டிஸ்க்கின் நலத்தை அறிய, டிஸ்க் தன்னைப் பற்றித் தானே தரும் ஸ்மார்ட் அறிக்கைதான் வழி.

அறிகுறி: மின்சாரச் சின்னம், அல்லது பவர் சப்ளையில் ஆம்பர்

டெல்லின் பவர் சப்ளை கைப்பிடியில் பச்சை என்றால் நலம், ஆம்பர் மின்னினால் பழுது, இருட்டு என்றால் கரன்ட் வரவில்லை. பச்சை மின்னினால் ஃபர்ம்வேர் ஏறுகிறது. அப்போது கார்டைத் தொடக்கூடாது. புதிதாகச் செருகியதும் பச்சை வேகமாக ஐந்து முறை மின்னிவிட்டு அணைந்தால், இருக்கும் பவர் சப்ளையோடு புதியது பொருந்தவில்லை. வாட் ஒன்றாக இருந்தாலும் திறன் வகை வேறாக இருந்தால் இது வரும். மின்னிய அந்த ஒன்றை மட்டும் மாற்றுங்கள். “ஜோடியாகட்டும்” என்று நன்றாக ஓடும் மற்றதைக் கழற்றினால் மெஷின் எதிர்பாராமல் நின்றுவிடக்கூடும்.

பவர் சப்ளையை மாற்றுமுன் கார்டை மாற்றிப் பாருங்கள், பிறகு பிடியூவில் வேறு சாக்கெட்டில் பாருங்கள். கைப்பிடி இரண்டும் பச்சை, ஆனால் முன்னால் மின்சாரச் சின்னம் ஆம்பர் என்றால், போர்டில் உள்ள வோல்டேஜ் ரெகுலேட்டர் பக்கம் லாக் கை காட்டும். அது வீட்டு வைத்தியம் அல்ல, போர்டு மாற்ற வேண்டிய வேலை.

இரண்டு கார்டும் ஒரே யூபிஎஸ்ஸுக்குப் போகிறதா என்பதையும் இந்தச் சாக்கில் பார்த்துவிடுங்கள். அப்படி இருந்தால் விளக்கு இரண்டும் பச்சையாகவே இருக்கும், யூபிஎஸ் போகும் நாளில் இரண்டும் ஒன்றாகப் போகும்.

அறிகுறி: நெட்வொர்க் விளக்கு அணைந்திருக்கிறது, அல்லது வேகம் குறைவு

ப்ரோலயன்ட்டின் முன்பக்க நெட்வொர்க் விளக்கு இணைப்பு இருக்கிறதா இல்லையா என்பதோடு சரி. எந்தப் போர்ட் என்று அறியப் பின்பக்கம் போக வேண்டும். டெல்லில் பின்பக்கப் போர்ட்டின் லிங்க் விளக்கு பச்சை என்றால் முழு வேகம், ஆம்பர் என்றால் அதைவிடக் குறைவு. ஒரு கிகாபிட் போர்ட் 100 மெகாபிட்டில் இணைந்திருந்தால் நான் முதலில் மாற்றுவது பேட்ச் கார்டை, அதாவது நெட்வொர்க் கேபிளை. கிகாபிட்டுக்கு நான்கு ஜோடி கம்பிகளும் வேண்டும். 100க்கு இரண்டு ஜோடி போதும். அந்த இரண்டில் சேராத ஒரு ஜோடி அறுந்தால் இணைப்பு நிற்காமல் வேகம் மட்டும் விழலாம்.

அறிகுறி: எல்லாம் நலம் என்று காட்டுகிறது, சர்வர் பதில் தரவில்லை

ஹெல்த் விளக்கை எரியவிடுவது போர்டில் இருக்கும் கண்காணிப்புச் சில்லு. அதற்கு வெப்பநிலை தெரியும், வோல்டேஜ் தெரியும், ஃபேன் வேகம் தெரியும். லினக்ஸ் கெர்னல் பானிக் ஆனதோ, டிஸ்க் நிரம்பியதோ அதற்குத் தெரியாது. விர்ச்சுவல் கன்சோலைத் திறந்து திரையில் என்ன நிற்கிறது என்று படமெடுத்துவிட்டு, அதன்பின் ரீசெட் செய்யுங்கள்.

அறிகுறி: பாகத்தை மாற்றியும் ஆம்பர் அணையவில்லை

லாக்கின் கடைசி வரியின் நேரத்தைப் பாருங்கள். மாற்றிய பிறகு புதிதாக எதுவும் வராவிட்டால் ப்ரோலயன்ட்டில் அந்தப் பதிவை ரிப்பேர்டு என்று குறித்துவிடலாம். டெல்லில் மேல்மூடி சரியாகப் பூட்டப்படாமல் இருந்தாலே பழுதாகப் பதிவாகும். மூடியை அழுத்தித் தாழ்ப்பாளைப் போடுங்கள். வேலை முடிந்த அவசரத்தில் இரண்டாவது பவர் கார்டைச் செருக மறந்திருந்தாலும் ஆம்பர் நிற்கும். இவை மூன்றும் இல்லை, புது வரி மட்டும் லாக்கில் வந்துகொண்டே இருக்கிறது என்றால், முதலில் எடுத்த வீடியோவையும் இறக்கிவைத்த லாக்கையும் சேர்த்துக் கம்பெனிக்கு அனுப்பி கேஸ் திறந்துவிடுங்கள்.